கட்டளை கேட்காத தொடை

முழங்காலில் தசைநார் அறுவை முடிந்த மறுநாள் காலை. வார்டுக்கு வரும் பிசியோ ஒரு துண்டைச் சுருட்டி, கட்டுப் போட்ட முட்டிக்கு அடியில் வைக்கிறார். "தம்பி, முட்டியால இந்தத் துண்டை மெத்தையோட சேர்த்து அமுக்குங்க. அஞ்சு எண்ணுற வரைக்கும் பிடிங்க." தம்பிக்கு இருபது சொச்சம் வயது, போன மாதம் வரை கபடி ஆடியவர். பல்லைக் கடிக்கிறார். முகம் சிவக்கிறது, புட்டம் இறுகுகிறது, நல்ல கால் தானாக மடங்குகிறது. அமுக்க வேண்டிய தொடை மட்டும் தொளதொளவென்று கிடக்கிறது. பிசியோ முட்டிச்சில்லுக்குச் சற்று மேலே விரலை வைத்து, "இங்க இறுகணும், இங்க" என்கிறார். எங்கே இறுகுகிறது?

இத்தனைக்கும் அந்த முன்தொடைத் தசையில் யாரும் கத்தி வைக்கவில்லை. அதற்குப் போகும் நரம்புக்கும் ஒன்றும் ஆகவில்லை. மரத்துப்போகக் கொடுத்த மருந்தின் வேகமும் இறங்கிவிட்டது. வலிக்குப் பயந்து தசை அடங்கிக் கிடக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படியில்லை என்பதை 1984-இல் ஒரு சோதனை காட்டியது. காயமே படாத, திடமான முழங்கால்களுக்குள் ஆய்வாளர்கள் ஊசி வழியாக வெறும் உப்புநீரை ஏற்றினார்கள். 20 முதல் 30 மில்லிலிட்டர் போனதுமே தொடையின் உட்பக்கத் தசை மந்தமானது. 50, 60 மில்லிலிட்டரை எட்டியபோது முன்தொடையின் மற்றத் தசைகளும் அடங்கின. சமையலறை மேசைக்கரண்டியில் இரண்டு கரண்டி நீர், உடலின் மிகப் பெரிய தசைத் தொகுப்புகளில் ஒன்றை முடக்கத் தொடங்கிவிடுகிறது.

நடப்பது இதுதான். மூட்டைச் சுற்றியுள்ள உறையில் இழுவிசையை உணரும் நுண்ணிய நரம்பு முனைகள் உண்டு. உள்ளே நீர் சேர்ந்து உறை விம்மினால் அவை தண்டுவடத்துக்குத் தகவல் அனுப்புகின்றன. தண்டுவடமோ மூளையைக் கேட்பதில்லை. தொடைத் தசையை இயக்கும் நரம்பணுக்களை அங்கேயே அடக்கிவிடுகிறது. மூளை "இறுக்கு" என்று கத்தினாலும் கட்டளை பாதிதான் கீழே போய்ச் சேருகிறது. இதை மூட்டுவழித் தசை ஒடுக்கம் என்று சொல்லலாம்: கோளாறு மூட்டில், வேலைநிறுத்தம் தசையில். அறுவை முடிந்த முட்டியில் சேரும் நீரும் இரத்தமும் இரண்டு கரண்டியோடு நிற்பதில்லை என்பதால், தம்பி தோற்றதில் வியப்பில்லை.

பிசியோவின் துண்டு இப்போது வேறு மாதிரி தெரியும். அது தசையைப் பெருக்க வந்த பயிற்சியே இல்லை. அறுந்துபோன பேச்சுவார்த்தையை மீண்டும் தொடங்கும் முயற்சி. அதனால்தான் பளுவே இல்லாமல், நாள் முழுக்க, பல தடவை செய்யச் சொல்கிறார்கள். தொடையைக் கண்ணால் பார், கையால் தொட்டுப் பார் என்பதும் அதற்காகவே; தொடுகையும் பார்வையும் மூளைக்குக் கூடுதல் செய்தி தருகின்றன. ஐஸ் ஒத்தடத்தின் வேலையும் வலியோடு முடிவதில்லை. மூட்டு குளிர்ந்தால் அங்கிருந்து தண்டுவடத்துக்குப் போகும் அடக்குமுறைச் செய்தி தளர்கிறது. ஒத்தடம் முடிந்த கையோடு பயிற்சி செய்தால் தொடை கொஞ்சம் கூடுதலாகவே சொன்ன பேச்சு கேட்கும். அதற்கும் மசியாத தொடைக்கு, தோலில் பட்டைகளை ஒட்டி மின்தூண்டல் கொடுக்கிறார்கள். மேலிருந்து கட்டளை வந்து சேராவிட்டால் என்ன, வெளியிலிருந்து வரட்டும் என்பது கணக்கு.

இன்னொரு குறுக்குவழி எனக்கு மிகவும் பிடித்தது. நல்ல காலுக்குப் பயிற்சி கொடுத்தால் அறுவை செய்த காலுக்கும் ஓரளவு வலு ஏறுகிறது! 1894-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சரும் உடனிருந்தோரும் இதைக் கவனித்தார்கள். வலக்கையை மட்டும் பிழிந்து பிழிந்து பழகியவருக்கு, தொடவே தொடாத இடக்கையிலும் பிடி இறுகியிருந்தது. தசை எங்கும் வளரவில்லை. கட்டளை பிறக்கும் நரம்பு மண்டலம் தேர்ந்துவிட்டது. ஒரு பக்கம் கற்ற பாடத்தின் ஒரு பங்கு மறுபக்கத்துக்கும் போய்விடுகிறது. நூறாண்டுக்கும் பழைய இந்தச் சங்கதி இன்று முழங்கால் நோயாளிகளின் பயிற்சிப் பட்டியலில் இடம்பிடித்திருக்கிறது.

இவ்வளவு பாடும் எதற்காக? முட்டிக்குள் குறுக்காக ஓடும் ஒரு நாருக்காக. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் முன் குறுக்குத் தசைநார் என்பது அதன் பெயர். ஏ.சி.எல். என்றால் விளையாட்டுப் பக்கம் படிக்கும் எல்லோருக்கும் புரியும். நீளம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். தடிமன் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. ஆனால் இளவயதில் இதை அறுக்க 2,000 நியூட்டனுக்கும் மேல் விசை வேண்டும். நாலு சிமெண்ட் மூட்டைகளைச் சேர்த்துக் கட்டி இதில் தொங்கவிட்டாலும் தாங்கும். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது இதுதான்.

இவ்வளவு வலுவான நாருக்கு ஒரு சாபம் உண்டு. கிழிந்தால் எளிதில் ஒட்டுவதில்லை. தோலில் வெட்டுப்பட்டால் இரத்தம் உறைந்து, அந்த உறைவின்மேல் புதுத் திசு படர்ந்து காயம் ஆறுகிறது. இந்த நாரோ மூட்டின் வழவழப்பு நீரில் நனைந்தபடி கிடக்கிறது. கிழிந்த முனைகளுக்கு நடுவே உறைவு நிலைக்க முடியாமல் கரைந்துபோகிறது. ஆகவே கிழிந்ததைத் தைப்பதைவிட, வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்துப் புதிதாக நடுவதே பெரும்பாலும் வழக்கம். முட்டிச்சில்லுக்குக் கீழிருக்கும் நாணை எடுப்பவர்கள் உண்டு. பின்தொடைத் தசைகளின் நாண்களை உருவி, மடித்து, எலும்பில் துளையிட்டுச் செருகுபவர்களும் உண்டு. உருவி எடுத்த பின்தொடை நாண் பலருக்குச் சில மாதங்களில் தானாகவே மறுபடி வளர்ந்துவிடுகிறது. மருத்துவர்களே இதற்குப் 'பல்லிவால்' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நட்ட நாரின் கதை அதைவிட விசித்திரம். இரத்த ஓட்டத்திலிருந்து பிடுங்கி வந்ததால் அதிலுள்ள உயிரணுக்கள் முதல் சில வாரங்களில் இறந்துபோகின்றன. மிஞ்சுவது புரத இழைகளாலான சட்டகம் மட்டும். பிறகு சுற்றுப்புறத்திலிருந்து புதிய இரத்தக் குழாய்கள் அதற்குள் ஊடுருவுகின்றன. புதிய உயிரணுக்கள் குடியேறுகின்றன. பழைய இழைகளை அரித்துத் தள்ளிவிட்டுப் புது இழைகளை நெய்கின்றன. நாணாக நுழைந்தது மெல்ல மெல்லத் தசைநாராக மாறுகிறது. இந்த நார்மாற்றம் முழுமையாக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. பழையது இடிந்து, புதியது எழும்பாத அந்த இடைக்காலத்தில், ஏறக்குறைய ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, நார் அறுவையன்று இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கிறது.

அதே வாரங்களில் நோயாளி எப்படி இருப்பார் தெரியுமா? வீக்கம் வடிந்திருக்கும். ஊன்றுகோலைப் பரணில் போட்டிருப்பார். வலி இராது. வண்டியை எடுக்கலாமா என்று கை பரபரக்கும். உள்ளே நார் மிக நலிந்திருக்கும் நாட்களும் வெளியே உடம்பு மிகத் தெம்பாக உணரும் நாட்களும் ஒன்றாக வந்து அமைந்துவிட்டன. பிசியோக்கள் மூன்றாம் மாதத்தில் கடுகடுப்பதற்குக் காரணம் வேறொன்றுமில்லை.

நலிந்த நாரை அசைக்காமல் வைத்திருப்பதுதானே புத்திசாலித்தனம்? அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். 1980-கள் வரை அறுவை முடிந்ததும் மாவுக்கட்டில் வாரக்கணக்கில் காலை முடக்கி வைப்பது வழக்கமாக இருந்தது. கட்டைப் பிரித்தால் சூம்பிய தொடை, மடங்காத முட்டி, நிமிராத கால். அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் டொனால்ட் ஷெல்போர்ன் என்ற அறுவை மருத்துவர் தம் நோயாளிகளிடம் ஒன்றைக் கவனித்தார். சொன்ன பேச்சைக் கேட்காமல், சொன்ன நாளுக்கு முன்பே காலை நீட்டி, ஊன்றி நடந்துவிட்ட அடங்காப்பிடாரிகளின் முட்டிகள், ஒழுங்காக விதிகளைப் பின்பற்றியவர்களின் முட்டிகளைவிட நன்றாக இருந்தன. நட்ட நாரும் தளரவில்லை. வேறு ஒரு மருத்துவர் திட்டி அனுப்பியிருப்பார். இவர் அந்த மீறல்களையே சிகிச்சையாக்கி 1990-இல் கட்டுரை எழுதினார். இன்று அறுவை முடிந்த மறுநாளே காலை நீட்டச் சொல்வதும் ஊன்றச் சொல்வதும், அந்தப் பெயர் தெரியாத ஒழுங்கீனர்கள் போட்ட பாதை.

ஆனாலும் கேள்வி மிச்சமிருந்தது. எந்தப் பயிற்சி நாரை எவ்வளவு இழுக்கிறது? பிணத்தின் முட்டியில் அளக்கலாம். அதற்குத் தசை இயங்காது. கணக்குப் போட்டு ஊகிக்கலாம், ஊகம் ஊகம்தான். வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பெய்னன், பிரேடன் ஃபிளெமிங் குழுவினர் 1990-களில் நேரடியாகவே அளந்துவிட்டார்கள். வேறு சிறு கோளாறுக்காக முட்டியில் நுண்துளை அறுவைக்கு வந்தவர்கள், ஏ.சி.எல். முழுசாக இருப்பவர்கள், இதற்குச் சம்மதித்தார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, நாரின் மேலேயே ஒரு நுண்ணிய நீட்சிமானியைப் பொருத்தினார்கள். பிறகு அறுவை அறையிலேயே அவர்களை எழுப்பி உட்காரச் செய்தார்கள், எழச் செய்தார்கள், சைக்கிள் மிதிக்கச் செய்தார்கள். உயிருள்ள மனிதனுக்குள் ஒரு தசைநார் எத்தனை சதவீதம் நீள்கிறது என்பது திரையில் ஓடியது.

எண்கள் சுவையானவை. நிற்கும் சைக்கிளை மிதித்தால் நீட்சி 1.7 சதவீதம். படி ஏறினால் 2.7. காலில் எடை கட்டாமல் முட்டியை மடக்கி நீட்டினால் 2.8, சுமார் நாலரைக் கிலோ எடையைக் காலில் கட்டிக்கொண்டு அதையே செய்தால் 3.8. வெறுமனே உட்கார்ந்தெழுந்தால் 3.6. முட்டியை 15 டிகிரி மட்டும் மடக்கி வைத்து, அசைக்காமல் முன்தொடையை இறுக்கினால் எல்லாவற்றையும் தாண்டி 4.4. மூன்று சென்டிமீட்டர் நாரில் 4.4 சதவீதம் என்றால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள்தான் மொத்த மறுவாழ்வுப் பயிற்சியும் நடக்கிறது.

பட்டியலின் மறுமுனையில் இருப்பது இன்னும் வியப்பு. முட்டியை 60 அல்லது 90 டிகிரிக்கு மடக்கி வைத்துக்கொண்டு அதே முன்தொடையை அதே விசையோடு இறுக்கினால் நீட்சி பூஜ்யம். பின்தொடையை இறுக்கினால் எந்தக் கோணத்திலும் பூஜ்யம். இதன் சூட்சுமம் முட்டிச்சில்லில் இருக்கிறது. கிணற்றுக் கப்பி கயிற்றின் திசையைத் திருப்புவதுபோல, முன்தொடையின் இழுப்பை இந்தச் சில்லு திருப்பிக் கீழ்க்காலுக்கு அனுப்புகிறது. கால் ஏறக்குறைய நீண்டிருக்கும்போது அந்த இழுப்பு கீழ்க்கால் எலும்பை மேலே மட்டுமல்ல, கொஞ்சம் முன்னாலும் இழுக்கிறது; முன்னால் போகவிடாமல் தடுப்பது ஏ.சி.எல்.லின் வேலை என்பதால் அது விறைக்கிறது. முட்டி நன்றாக மடங்கிவிட்டால் இழுப்பின் திசை பின்பக்கம் சாய்ந்துவிடும். நார் தளர்ந்து ஓய்வெடுக்கும். ஒரே தசை, ஒரே விசை. கோணம் மாறினால் போதும், ஆபத்து மருந்தாகிறது. நாற்காலியில் உட்கார வைத்து, "இந்தக் கோணத்துக்கு மேல நீட்டாதீங்க" என்று பிசியோ கறாராகச் சொன்னால், அது மாத்திரைச் சீட்டில் எழுதும் மில்லிகிராமுக்குச் சமம்.

உட்கார்ந்தெழுவதில் இன்னொரு நுணுக்கமும் வெளிப்பட்டது. எடையில்லாமல் 3.6 என்று பார்த்தோம். இழுபட்டை மாட்டிப் பளுவைக் கூட்டியபோதும் அது 4.0 தான் ஆனது, பெரிய மாற்றமில்லை. பாதம் தரையில் ஊன்றியிருக்கும்போது முன்தொடையோடு பின்தொடையும் சேர்ந்து இறுகுகிறது. உடலின் எடை மூட்டின் இரு எலும்புகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. காலைத் தொங்கவிட்டு நீட்டும்போது இந்த இரண்டு காவலும் இல்லை. அங்கே எடை கூடக் கூட நாரின் சுமையும் கூடுகிறது.

மடக்குவதைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுவார்கள். முட்டி முழுசாக நிமிர்வதுதான் முதலில் வர வேண்டும். காலை நீட்டும்போது, கடைசி 20, 30 டிகிரியில் கீழ்க்கால் எலும்பு தானாக வெளிப்பக்கம் சுமார் 10 டிகிரி சுழன்று, திருகாணி இறுகுகிற மாதிரி பூட்டிக்கொள்கிறது. இந்தப் பூட்டு விழுந்தால் முன்தொடைக்கு விடுமுறை. ரேஷன் கடை வரிசையில் அரை மணி நிற்க முடிவது இதனால்தான். ஐந்தே டிகிரி நிமிராமல் நின்றாலும் பூட்டு விழாது. நிற்கும் நேரமெல்லாம் தொடை உழைத்தாக வேண்டும். நடையில் விந்தல் ஒட்டிக்கொள்ளும். அலட்சியமாக விட்டால் நட்ட நாரின் முன்னால் ஒரு தழும்புக் கட்டி வளர்ந்து, நீட்டவே விடாமல் ஆப்பு வைத்துவிடலாம். நுண்துளைக் கருவியில் பார்த்தால் அது ஒற்றைக் கண் முறைப்பதுபோல் இருக்குமாம். கிரேக்கக் கதைகளின் ஒற்றைக்கண் அரக்கன் பெயரையே வைத்துவிட்டார்கள், சைக்ளாப்ஸ் என்று.

இங்கேதான் வீட்டுப் பாசம் வேலையைக் கெடுக்கும். "பிள்ளைக்குக் கால் வலிக்குமே" என்று அம்மா முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார். முட்டி சுகமாக மடங்கிக் கிடக்கும். சுகம்தான் பிரச்சினை. தலையணையை இரண்டு சாண் கீழே தள்ளிக் குதிகாலுக்கு அடியில் வைத்தால், முட்டி அந்தரத்தில் தொங்கி, தன் எடையாலேயே மெல்ல நிமிரும். அதுவே ஒரு பயிற்சி. செலவில்லை, கருவியில்லை, டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்வதும், உறை மாட்டிய குதிகாலைப் படுக்கையில் சரக்கி முட்டியை மடக்கச் சொல்வதும் அறுவை முடிந்த முதல் நாட்களில்தான். முன்னது கெண்டைக்கால் தசையால் இரத்தத்தை மேலே தள்ளி, நாளங்களில் உறையாமல் காக்கிறது. பின்னது முட்டி துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறது.

தொடை பேச்சுக் கேட்கத் தொடங்கியபின் வருவது வலு. உடற்பயிற்சிக் கூடங்களில் "பத்து, பத்து, பத்து, மூணு செட்" என்று சொல்கிறார்களே, அது பிறந்த இடம் பயில்வான்களின் கூடம் என்று நினைத்தால் தவறு. இரண்டாம் உலகப் போரில் முட்டி காயப்பட்ட சிப்பாய்கள் சிகாகோவின் ராணுவ மருத்துவமனையில் குவிந்தார்கள். தாமஸ் டிலோர்ம் என்ற இளம் மருத்துவர், சிறு வயதில் தான் பட்ட நோயிலிருந்து எடை தூக்கித் தேறியவர். அவர் இரும்புக் காலணியில் எடைகளைப் பூட்டிச் சிப்பாய்களின் கால்களைத் தூக்கச் செய்தார். மென்மையாக நூறு தடவை ஆட்டுவதைவிட, கனத்தைத் தூக்கிக் கொஞ்சமாகச் செய்து, நாளுக்கு நாள் எடையைக் கூட்டுவதே தசையைத் திரட்டுகிறது என்று 1945-இல் எழுதினார். முதலில் ஏழு முதல் பத்து செட் வரை வைத்திருந்தவர், 1948-இல் அதை மூன்று செட், பத்துத் தடவை என்று சுருக்கினார். தெருவுக்குத் தெரு இருக்கும் ஜிம்மில் இன்று ஒலிக்கும் கணக்கு ஒரு முழங்கால் வார்டிலிருந்து வந்தது.

ஆனால் நலிந்த நாரையும் புண்பட்ட மூட்டையும் வைத்துக்கொண்டு எப்படிக் கனம் தூக்குவது? இதற்கு விடை ஜப்பானில் ஒரு சடங்கில் கிடைத்தது. 1966-இல் யோஷியாகி சாதோ என்ற இளைஞர் பௌத்தச் சடங்கொன்றில் நெடுநேரம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். கெண்டைக்கால் மரத்து, விம்மி, கடும் பயிற்சி முடிந்தபின் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. எடையே தூக்காமல் எடை தூக்கிய உணர்வு எப்படி வந்தது? இரத்தம் தடைபட்டதால் என்று ஊகித்து, பட்டை கட்டிக் கட்டித் தன்மேலேயே பல ஆண்டுகள் சோதித்தார். இன்று இரத்த ஓட்டக் கட்டுப்பாட்டுப் பயிற்சி என்ற பெயரில் அது முழங்கால் மறுவாழ்வுக்கு வந்திருக்கிறது. தொடையின் மேல்பகுதியில் காற்றுப்பட்டை கட்டி, திரும்பும் இரத்தத்தைத் தேக்கி, தூக்க முடிந்த உச்ச எடையில் 20, 30 சதவீதத்தை மட்டும் தூக்கினால் போதும். கழிவுகள் தேங்கித் தசை சீக்கிரம் களைக்கிறது. கனத்துக்கு மட்டுமே எழுந்து வரும் பெரிய தசையிழைகளும் வேறு வழியின்றி வேலைக்கு வருகின்றன. தசை ஏமாறுகிறது, மூட்டு தப்பிக்கிறது. அழுத்தத்தை அளந்து வைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டில் கயிறு கட்டிப் பார்க்கும் வேலையல்ல.

மூட்டைக் காக்க ஏன் இவ்வளவு பாடு என்பதற்கு முட்டிச்சில்லைக் கேட்கலாம். சமதரையில் நடக்கும்போது அதன் பின்பக்கத்தில் விழும் அழுத்தம் உடல் எடையில் பாதிதான். படி ஏறினால் மூன்று மடங்கைத் தாண்டும். ஆழ்ந்து குந்தினால் ஏழு மடங்குக்கும் மேல்: 70 கிலோ ஆளுக்கு ஓர் எருமை மாட்டின் எடை. சில்லின் பின்பக்கத்தில் நம் உடலிலேயே மிகத் தடித்த குருத்தெலும்பு படிந்திருப்பது வீணுக்கல்ல. குந்துவதும் சம்மணமிடுவதும் மேலைநாட்டுப் பயிற்சி அட்டவணைகளில் கடைசி வரியில்கூடப் பெரும்பாலும் இராது. இந்தியக் கழிப்பறையும் தரையில் பந்தியும் உள்ள ஊரில் அவை இல்லாமல் வாழ்க்கை திரும்பியதாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

குந்துவதே தொழிலான ஒருவரை நாம் பார்த்தோம். 2022 டிசம்பர் 30 அதிகாலையில் கார் விபத்தில் சிக்கிய கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த், 2023 ஜனவரியில் மும்பையில் வலது முழங்காலின் தசைநார்களுக்கு அறுவை செய்துகொண்டார். விக்கெட் கீப்பருக்கு ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குந்தல். இருபது ஓவர் என்றால் குறைந்தது 120. 2024 மார்ச்சில் ஐபிஎல் ஆட்டத்தில் அவர் மறுபடியும் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியபோது, தொலைக்காட்சி அவருடைய மட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பிசியோக்கள் முட்டியைத்தான் பார்த்திருப்பார்கள்.

வலு வந்தாயிற்று. ஓடலாமா? ஏ.சி.எல். கிழியும் கணத்தை நார்வே ஆய்வாளர்கள் அலசியிருக்கிறார்கள். பெண்கள் ஹேண்ட்பால், கூடைப்பந்து ஆட்டங்களில் நார் அறுந்த காட்சிகளைப் பல கோணப் படங்களிலிருந்து சட்டகம் சட்டகமாக அளந்து 2010-இல் வெளியிட்டார்கள். பாதம் தரையைத் தொட்ட 40 மில்லிவினாடியில் காரியம் முடிந்துவிடுகிறது. ஒருமுறை கண் இமைக்க ஆகும் நேரத்தில் அது பாதிகூட இல்லை. முட்டி ஆபத்தில் இருக்கிறது என்று மூளை உணர்ந்து, தசைக்குச் சொல்லி, தசை இறுகுவதற்குள் எல்லாம் முடிந்துபோகும். ஆக, எவ்வளவு பலமான தொடை இருந்தாலும் தரையைத் தொட்டபின் இறுகினால் பயனில்லை. கால் காற்றில் இருக்கும்போதே, எங்கே எப்படி விழப்போகிறோம் என்று கணித்து, முன்கூட்டியே இறுகியிருக்க வேண்டும்.

இந்த முன்கணிப்புக்கு முட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சதா தெரிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிகிறதே, அந்த உடல்நிலை உணர்வு. ஏ.சி.எல். வெறும் கயிறல்ல, அதற்குள் இழுவையை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன என்பது 1980-களில் உறுதியானது. முட்டிக்குள் எது எதை உணர்கிறது என்று தெரிந்துகொள்ள சான்பிரான்சிஸ்கோ மருத்துவர் ஸ்காட் டை ஒரு காரியம் செய்தார். உள்ளே மரத்துப்போகும் மருந்தே இல்லாமல் தம் இரண்டு முட்டிகளுக்குள்ளும் நுண்துளைக் கருவியைச் செலுத்தச் சொல்லி, ஒவ்வோர் இடமாகத் தொடத் தொட வலியை மதிப்பெண்ணிட்டுச் சொன்னார். 1998-இல் வந்த அந்த அறிக்கையின்படி, சில்லின் குருத்தெலும்பைக் குத்தினால் ஒன்றுமே தெரியவில்லை; முன்பக்கக் கொழுப்புத் திண்டைத் தொட்டாலோ உயிர் போயிற்று. குறுக்குத் தசைநார்களைத் தொட்டபோது வலி இருந்தது, ஆனால் எங்கே தொடுகிறார்கள் என்று துல்லியமாகச் சொல்ல முடியவில்லை.

நார் அறுந்தால் அந்த நரம்பு முனைகளும் போகின்றன. நட்ட நாரில் அவை பழையபடி இருப்பதில்லை. மூளைப் படங்களை எடுத்துப் பார்த்தபோது, அறுவை முடிந்தவர்கள் முட்டியை மடக்கி நீட்டும்போது பார்வையோடு தொடர்புடைய பகுதிகள் கூடுதலாக ஒளிர்ந்தன. முட்டியிலிருந்து செய்தி குறைந்ததும் மூளை கண்ணை நம்பத் தொடங்கியிருக்கிறது! நடக்கும்போது இது போதும். கண் பந்தின் மேலும் எதிராளியின் மேலும் இருக்கும்போது முட்டியை யார் பார்ப்பது?

ஒற்றைக் காலில் நிற்க வைத்து, பிறகு பஞ்சு மெத்தைமேல் நிற்க வைத்து, பிறகு கண்ணை மூடச் சொல்லி, பிறகு பந்தை எறிந்து பிடிக்கச் சொல்லும் பயிற்சிகள், வேடிக்கையாகத் தெரிந்தாலும், கண்ணிடமிருந்து அந்த வேலையைப் பிடுங்கி மீண்டும் முட்டியிடம் கொடுக்கும் முயற்சிதான். கட்டளையின் சொற்கள்கூட இதில் கணக்கு. "முட்டியை மடக்கு, இடுப்பைத் தாழ்த்து" என்றால் மூளை ஒவ்வொன்றாக யோசித்துத் தடுமாறும். "சத்தம் வராம குதிங்க" என்று மட்டும் சொன்னால், இடுப்பும் முட்டியும் கணுக்காலும் தாமாகவே ஒத்திசைந்து மடங்கி, தரை திருப்பித் தாக்கும் விசை குறைகிறது. மூன்று மூட்டுகளின் கணக்கு மூன்று சொற்களில் அடங்கிவிட்டது.

களத்துக்குத் திரும்பும் நாளைப் பற்றி நார்வேயிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் சேர்ந்து நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஒன்பது மாதம் வரை, திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி காயப்படும் விகிதம் 51 சதவீதம் குறைந்தது. ஆனால் நாள்காட்டி மட்டும் போதாது. கால் தேர்வெழுத வேண்டும். ஒற்றைக் காலில் ஒரு தாவல், தொடர்ந்து மூன்று தாவல், கோட்டின் இருபுறமும் மாறி மாறிக் குறுக்குத் தாவல், ஆறு மீட்டரை நொண்டியே கடக்கும் நேரம். நல்ல கால் எட்டும் தூரத்தில் 90 சதவீதத்தை மற்றக் கால் எட்ட வேண்டும் என்பது பரவலான அளவுகோல்.

இதிலும் உடம்பு திருட்டுத்தனம் செய்கிறது. மாதக்கணக்கில் ஓடாமல் நல்ல காலும் மெலிந்துபோயிருக்கும். அதோடு ஒப்பிட்டால் மட்டமான கால்கூடத் தேறிவிடும். ஆகவே அறுவைக்கு முன்பே நல்ல காலை அளந்து வைத்துக்கொள்கிறார்கள் சிலர். கத்தாரின் தோஹாவில் விளையாட்டு மருத்துவர்கள் இன்னொரு மோசடியைக் கண்டுபிடித்தார்கள். தாவிய தூரம் இரண்டு காலுக்கும் ஏறக்குறைய சமமாக இருந்தவர்களிடமும், தாவலில் முட்டி செய்த வேலை சமமாக இல்லை. அதன் பங்கை இடுப்பும் கணுக்காலும் சத்தமில்லாமல் செய்துகொடுத்திருந்தன. நேர் மேலே எம்பும் தாவலில் இந்த ஒத்தாசை அவ்வளவாக எடுபடவில்லை. அதனால் விவரமான பிசியோக்கள் இப்போது அளவு நாடாவோடு நிறுத்துவதில்லை. ஒற்றைக் காலில் உயர எம்பச் சொல்லி, கைபேசியில் படம்பிடித்து, காட்சியை நிதானமாக ஓட்டி, தரையிறங்கும்போது முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது, உட்பக்கம் சாய்கிறதா என்று சட்டகம் சட்டகமாகப் பார்க்கிறார்கள்.